முல்லார்ட் என்று விற்கப்பட்ட ரஷ்ய வால்வு: பெடல் செய்வோர் கவனத்திற்கு

கோலாலம்பூரில் பழைய வால்வு (வெற்றிடக் குழாய்) வாங்க நினைக்கும் கித்தார் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். "அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த முல்லார்ட் இசிசி83, பெட்டி பிரிக்காத பழைய சரக்கு" என்ற விளம்பரத்தை நம்பி, கடந்த மாதம் 220 வெள்ளி கொடுத்து நான் வாங்கிய வால்வு முல்லார்ட் நிறுவனத்துடையதும் அல்ல, இசிசி83உம் அல்ல, இங்கிலாந்தில் செய்ததும் அல்ல. பணம் மட்டும் போயிருந்தால் என் ஏமாளித்தனத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஆனால், அதே ஆள் அதே பையில் போட்டுக் கொடுத்த உயர் மின்னழுத்த மின்தேக்கிகளும் போலியாக இருந்தன. அவை வெடித்திருந்தால் முகத்துக்கு நேராக வெடித்திருக்கும். விற்றவரின் பெயரையும் கடையையும் இங்கே குறிப்பிடவில்லை. விவகாரம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்திற்குப் போயிருக்கிறது.

நான் செய்யத் தொடங்கியது ஒரு வால்வு ஓவர்டிரைவ் பெடல், அதாவது கித்தாரின் ஒலியைத் திரித்துக் கனமாக்கும் கால்பெட்டி. 12 வோல்ட் அடாப்டரிலிருந்து வரும் மின்சாரம் இரண்டாகப் பிரியும். ஒரு பிரிவு நேராக வால்வைச் சூடாக்கும் கம்பியான ஹீட்டருக்குப் போகும், மற்றொன்று ஒரு சிறிய ஏற்றுப்பலகை வழியாக ஏறத்தாழ 200 வோல்ட்டாக உயர்ந்து ஆனோடுகளுக்குப் போகும். வெறும் 9 அல்லது 12 வோல்ட்டில் வால்வைப் பட்டினி போட்டு இயக்கும் எளிய பெடல்களும் உண்டு, அவற்றின் கரகரப்பை விரும்புகிறவர்களும் உண்டு. ஆனால் சரத்தை மெல்லத் தொட்டால் தெளிவாகவும் அழுத்திச் சுண்டினால் கனத்தும் வருகிற அந்த ஒலி, என் காதுக்கு, உயர் மின்னழுத்தத்தில்தான் முழுமையாக வருகிறது. இசிசி83 என்பதும் 12ஏஎக்ஸ்7 என்பதும் ஒரே வால்வுக்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் வைத்த பெயர்கள். ஒன்பது கால், உள்ளே இரண்டு டிரையோடு, அதாவது இரண்டு தனித்தனிப் பெருக்கிகள். முதல் டிரையோடு பெருக்குவதை இரண்டாவது டிரையோடின் தலையில் கொண்டுபோய்க் கொட்டினால் அது தாங்காமல் திரிகிறது. அந்தத் திரிபுதான் நமக்கு வேண்டியது.

மற்ற பொருள்களில் எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. புடு எல்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஜாலான் பாசாருக்கு ஒரு சனிக்கிழமை காலையில் போய், ஆனோடுக்கு 100 கிலோ ஓம், கேத்தோடுக்கு 1.5 கிலோ ஓம் மின்தடைகள், இணைப்புக்கு 22 நேனோஃபேரட் மின்தேக்கிகள், பொட்டென்ஷியோமீட்டர்கள், ஒன்பது முனைக் கால்சுவிட்ச், அலுமினிய வார்ப்புப் பெட்டி என எல்லாவற்றையும் மதிய உணவுக்கு முன்பே வாங்கி முடித்துவிட்டேன். அங்குள்ள கடைக்காரர்கள் எண்ணைச் சொன்னால் இழுப்பறையைத் திறப்பார்கள், இல்லையென்றால் இல்லை என்பார்கள். கதை சொல்ல மாட்டார்கள். அன்று நான் ஏறி இறங்கிய கடைகளில் வால்வும் இல்லை, 450 வோல்ட் மின்தேக்கியும் இல்லை. அந்த இரண்டுக்காகத்தான் இணையச் சந்தையில் தேடினேன்.

விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தபோது பேசியவர் நம்மவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். செயலி வழியாகப் பணம் கட்டினால் கமிஷன் பிடித்துக்கொள்வார்கள் என்றும், நேரில் வந்து வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் 20 வெள்ளி குறைத்துத் தருவதாகவும் சொன்னார். அவருடைய இடம் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தது. சுவரெங்கும் பழைய வானொலிகள், நடுவே ஒரு கண்ணாடி அலமாரி. வால்வை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக் காட்டி, "தம்பி, இது லண்டன் சரக்கு. இப்ப சைனாக்காரன் செய்றதெல்லாம் இதுகிட்ட நிக்காது" என்றார். கண்ணாடியில் முல்லார்டின் வெள்ளைக் கேடயச் சின்னம் பளிச்சென்று இருந்தது. "அண்ணே, ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன். பழைய சரக்கைத் தேவையில்லாமல் நோண்டக்கூடாது, கால் வளைந்தால் நான் பொறுப்பில்லை என்றார். அந்த இடத்தில் நான் எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. கூடுதலாக 40 வெள்ளிக்கு நான்கு மின்தேக்கிகளையும் வாங்கிக்கொண்டேன். நல்ல வேளையாக, ரசீதில் கடைச் சாப்பு (முத்திரை) வைத்து, "முல்லார்ட் இசிசி83 – 1" என்று எழுதித் தரும்படி கேட்டு வாங்கினேன்.

இரண்டு வாரம் கழித்துப் பெடலை முடித்து முதன்முதலாக இணைத்தபோது, உண்மையைச் சொன்னால், ஒலி நன்றாகவே இருந்தது. பின்னணியில் ஓர் உறுமல் மட்டும் கேட்டது; மண்கம்பி எங்கோ சரியில்லை என்று நினைத்தேன். பத்து நிமிடத்திற்குள் அடாப்டரின் மேல் கை வைக்க முடியவில்லை. வால்வுக்குள் பார்த்தேன். ஹீட்டர் சாதாரணமாக மங்கலான ஆரஞ்சு நிறத்தில், திரியைக் குறைத்த விளக்கு மாதிரி ஒளிர வேண்டும். இது மஞ்சளாக, சிறிய டார்ச் பல்பைப் போல எரிந்தது. ஹீட்டர் கம்பியைப் பிரித்து மல்டிமீட்டரைத் தொடரில் வைத்துப் பார்த்ததில் 0.49 ஆம்பியர் காட்டியது. 12.6 வோல்ட்டில் இசிசி83இன் ஹீட்டர் எடுக்க வேண்டியது 0.15 ஆம்பியர்தான்.

மூன்று மடங்குக்கு மேல் மின்சாரம் போகிறது என்றால், வீட்டில் செய்கிறவன் யாரைச் சந்தேகிப்பான்? தன்னைத்தான். எங்கோ ஈயம் வழிந்து இரண்டு கால்களைச் சேர்த்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து, சாக்கெட்டில் இருந்த எல்லாப் பற்றுகளையும் உருக்கி எடுத்து மறுபடியும் வைத்தேன். மறுநாள் வேலை முடிந்து வந்து, புதிய சாக்கெட்டே வாங்கிப் பொருத்தினேன். அன்றும் அதே 0.49. அளவுமானியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சட்டென்று சுழிக்கு இறங்கியது. வால்வுக்குள் இருந்த வெளிச்சமும் அணைந்தது. 220 வெள்ளி வால்வை என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று அன்றிரவு முழுவதும் நம்பிக்கொண்டிருந்தேன்.

உண்மை தெரிந்தது தற்செயலாகத்தான். ஆறிய வால்வைக் கழற்றி, கண்ணாடியில் படிந்திருந்த விரல் ரேகையைத் துடைப்பதற்காக அதன்மேல் வாய்வைத்து ஊதினேன். மூச்சின் ஈரம் படிந்த இடத்தில், கேடயச் சின்னத்திற்கு நேர் பின்புறம், ஏற்கனவே அழித்த எழுத்தின் நிழல் தெரிந்தது. முதலில் ஒரு 6, அடுத்து ஆங்கில எச் போன்ற ஓர் எழுத்து, பிறகு 2, கடைசியில் வாசல் நிலையைப் போல மூன்று கோடுகளால் ஆன ஒரு வடிவம். ஈரம் காய்ந்ததும் மறைந்துவிட்டது. மறுபடியும் ஊதினேன், மறுபடியும் வந்தது. மனைவியை அழைத்துக் கைத்தொலைபேசியைப் பிடிக்கச் சொல்லி, நான் ஊத ஊத அவர் படம் எடுத்தார்.

அந்த எச் ரஷ்ய எழுத்தில் என். அந்த வாசல் நிலை ரஷ்ய எழுத்தில் பி. ஆக, என்னிடம் இருந்தது 6என்2பி, சோவியத் காலத்து வானொலிகளிலும் ஒலிபெருக்கிகளிலும் சர்வசாதாரணமாக இருந்த வால்வு. இதன் பெருக்கக் காரணி இசிசி83ஐப் போலவே ஏறத்தாழ 100; ஆனோடு, கிரிட், கேத்தோடு கால்களின் வரிசையும் அதுவே. முதல் நாள் ஒலி நன்றாக வந்ததன் காரணம் இதுதான். ஆனால் ஹீட்டர் வேறு. இசிசி83இல் 4, 5 ஆகிய கால்களுக்கு இடையே இரண்டு பாதிகளாக ஓடும் ஹீட்டரின் நடுப்புள்ளி 9ஆம் காலுக்கு வருகிறது. அதனால் அதை 12.6 வோல்ட்டிலும் இயக்கலாம், 6.3 வோல்ட்டிலும் இயக்கலாம். 6என்2பியின் ஹீட்டர் 4க்கும் 5க்கும் இடையே 6.3 வோல்ட்டுக்கு மட்டுமே உரியது, எடுப்பது 0.34 ஆம்பியர், 9ஆம் கால் இரண்டு டிரையோடுகளுக்கும் நடுவே நிற்கும் மறைப்புத் தகட்டுக்குப் போகிறது. நான் அதற்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு அழுத்தம் கொடுத்து இரண்டு மாலைகள் வறுத்திருக்கிறேன். இது மோசமான வால்வு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதன் சொந்தப் பெயரில், அதற்குரிய விலையில் விற்றிருந்தால், 6.3 வோல்ட் ஏற்பாடு செய்து மகிழ்ச்சியோடு பயன்படுத்தியிருப்பேன்.

சந்தேகம் வந்தபின் மின்தேக்கிகளையும் சோதித்தேன். உறையில் 22 மைக்ரோஃபேரட், 450 வோல்ட் என்று இருந்தது. மீட்டரில் நான்கும் 4க்கும் 5க்கும் இடைப்பட்ட மைக்ரோஃபேரட்டையே காட்டின. உறுமலுக்கு மண்கம்பி காரணமில்லை. ஒன்றை அறுத்துப் பார்த்தபோது, கட்டைவிரல் அளவு அலுமினியக் குப்பிக்குள் சுண்டுவிரல் நுனி அளவில் இன்னொரு சிறிய மின்தேக்கி கால் நீட்டிப் பற்றவைக்கப்பட்டிருந்தது. அந்தச் சிறியதன் உறை உரிக்கப்பட்டிருந்ததால், அது எத்தனை வோல்ட் தாங்கும் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. அதைத்தான் 200 வோல்ட்டில் இணைத்து, மூடாத பெட்டிக்கு மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

படங்களை அனுப்பியதும் வால்வை விற்றவர் அழைத்தார். "தம்பி, வால்வுல ஒரு கோளாறும் இல்ல. நீங்க சொந்தமா செஞ்ச சர்க்கிட்ல போட்டு எரிச்சிட்டு எங்கிட்ட வந்தா நான் என்ன செய்றது?" என்றார். ரஷ்ய எழுத்தைப் பற்றிக் கேட்டதற்கு, முல்லார்ட் நிறுவனமே அந்தக் காலத்தில் ரஷ்யாவில் செய்து வாங்கியது என்றார். இந்த ஒரு பொய் மட்டும் கொஞ்சம் சாமர்த்தியமானது. இன்று முல்லார்ட் என்ற பெயரில் புதிதாக வருகிற வால்வுகள் ரஷ்யாவின் சராத்தோவ் நகரில் தயாரானவை என்பது உண்மைதான்; ஆனால் அவை அந்தப் பெயரை வாங்கிய வேறொரு நிறுவனத்தின் இக்காலத் தயாரிப்புகள். அறுபதுகளின் முல்லார்ட் இசிசி83 இங்கிலாந்தில் பிளாக்பர்ன் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. இதை எழுதி அனுப்பியபின் அவர் என் எண்ணை முடக்கிவிட்டார்.

பழைய வால்வு வாங்கப் போகிறவர்கள் ஒரு மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். ஓம் அளவில் வைத்து 4க்கும் 9க்கும் இடையே தொடுங்கள், பிறகு 5க்கும் 9க்கும் இடையே தொடுங்கள்; இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்ட வேண்டும், 4க்கும் 5க்கும் இடையே இரண்டின் கூட்டுத்தொகை வர வேண்டும். 9இல் தொடர்பே இல்லையென்றால் அது இசிசி83 அல்ல. அரை நிமிட வேலை. இதற்குக் கால் வளையாது. இந்தச் சோதனை 12ஏயூ7 போன்ற உறவுக்கார வால்வுகளைப் பிரித்துக் காட்டாது, ஏனென்றால் அவற்றின் ஹீட்டரும் இதே அமைப்புதான். வெள்ளைச் சின்னத்தை விரலால் தேய்த்துப் பார்க்கச் சொல்கிறவர்களும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை, அசல் முல்லார்டின் அச்சும் விரல் பட்டாலே போய்விடும். அசலில் போகாதது கண்ணாடியின் அடிவிளிம்பில் பொறித்திருக்கும் சிறு குறியீடு. இசிசி83 என்றால் முதல் வரி ஆங்கில ஐ, அதை அடுத்து 6 என்று தொடங்கும். இரண்டாவது வரி பிளாக்பர்னைக் குறிக்கும் பி எழுத்தோடு தொடங்கி ஆண்டையும் மாதத்தையும் வாரத்தையும் சொல்லும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். நான் வாங்கியதில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. இரண்டு டிரையோடுகளுக்கும் நடுவே ஒரு தகடு நிற்பது மட்டும், இப்போது பார்த்தால், முதல் நாள் எடுத்த படத்திலேயே தெளிவாகத் தெரிகிறது.

பணத்தைச் செயலிக்கு வெளியே கட்டியதால் இணையச் சந்தை கைவிரித்துவிட்டது. அந்த 20 வெள்ளித் தள்ளுபடி எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. எஞ்சியிருந்த வழி, 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் பதிந்துவிட வேண்டும். வியாபாரமாக விற்கிறவர்மீதுதான் அங்கே முறையிட முடியும் என்பதால், சாப்பு வைத்த அந்த ரசீது கைகொடுத்தது. எரிந்த வால்வையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இசிசி83இன் ஹீட்டரில் ஒரு பாதி அறுந்தாலும் மறுபாதி 9ஆம் காலோடு தொடர்பு காட்டும். இதில் 4இலிருந்தும் இல்லை, 5இலிருந்தும் இல்லை. அதை அதிகாரி முன்னால் மீட்டர் வைத்தே காட்ட எண்ணியிருக்கிறேன். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.

இதற்கிடையே ஸ்லோவாக்கியாவில் செய்த ஜேஜே வால்வு ஒன்றைப் புதிதாக வாங்கி, மின்தேக்கிகளையும் மாற்றிப் பெடலை முடித்துவிட்டேன். ஹீட்டர் 0.15 ஆம்பியர் எடுக்கிறது, அடாப்டர் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கிறது, உறுமல் இல்லை. அந்த விளம்பரம் நேற்று இரவுவரை அப்படியே இருந்தது. அதே கேடயச் சின்னம், அதே நடுத்தகடு, விலை மட்டும் 260 வெள்ளி ஆகியிருந்தது.