256 பின் சிப்புக்கு கிகேட் தாங்குமா? ஓசூரிலிருந்து ஒரு அனுபவம்

ஓசூர் சிப்காட் பக்கம் சின்ன டிசைன் கடை எங்களுடையது. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கு மெஷின் கன்ட்ரோலர், டிஸ்ப்ளே போர்டு எல்லாம் செய்து கொடுக்கிறோம். போர்டு வரையும் இலவச மென்பொருளான கிகேடின் 6-ஆம் பதிப்பு 2021 கடைசியில் வந்ததிலிருந்து கிகேடில்தான் வேலை. சின்ன போர்டுக்கு அது போதும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 256 பின் பிஜிஏ (அடிப்பக்கத்தில் கட்டம் கட்டமாக இணைப்புகள் உள்ள சிப்) வைத்தால் தாங்குமா என்றுதான் கேட்கிறார்கள். தாங்கும். ஆனால் சிப்புக்கு அடியில் இருந்து டிராக்குகளை, அதாவது செம்புக் கோடுகளை, வெளியே கொண்டுவரும் வேலையை அது செய்து தராது, நாம்தான் செய்ய வேண்டும்.

கணக்கு இதுதான். 0.8 மி.மீ. பிட்ச் (பின்னுக்குப் பின் உள்ள தூரம்) சிப்பில், பின்கள் உட்காரும் நான்கு பேடுக்கு நடுவில் ஒரு வயா, அதாவது ஒரு லேயரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் துளை, போடுகிறோம். வயா 0.5 மி.மீ. என்றால், பக்கத்து வயாவுக்கு முன் மிச்சமிருப்பது 0.3. அதில் 0.1 டிராக், இருபுறமும் 0.1 இடைவெளி, ஒரே ஒரு டிராக்தான் போகும். 1 மி.மீ. பிட்ச் என்றால் அதே இடத்தில் இரண்டு போகும். அதனால் ஒரே சிப் இரண்டு அளவிலும் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு பெரியதை எடுப்பேன். போர்டில் கொஞ்சம் இடம் போகும், போகட்டும். 0.1 டிராக், 0.2 துளை என்றதுமே போர்டு போடுகிறவர்கள் வேறு விலை சொல்வார்கள்.

அந்த 0.1 சிப்புக்கு அடியில் மட்டும் போதும். அங்கே ஒரு ரூல் ஏரியா வரைந்து பெயர் கொடுத்து, அதற்குள் 0.1, வெளியே 0.15 என்று நமக்கேற்ற விதியை (கஸ்டம் ரூல்) எழுதிவிடலாம். கிகேடில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அடுத்தது தள்ளிவிடும் ரவுட்டர், கிகேடுக்குள் டிராக் வரையும் கருவி. ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்துக்காரர்கள் கொடுத்தது. X அழுத்தி இழுத்தால் எதிரே இருக்கும் டிராக்குகள் தாமாக ஒதுங்கி வழிவிடும். திறந்த இடத்தில் அருமை. பிஜிஏவுக்கு அடியில் தொல்லை: வரிசையாக வைத்த வயாக்களையும் சேர்த்து நகர்த்திவிடும். ரவுட்டர் அமைப்பில் வயாவைத் தள்ளும் தேர்வை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். நான் அந்தப் பகுதியில் சுற்றிப்போகும் முறைக்கே மாற்றிவிடுகிறேன்.

“அண்ணா, ஃப்ரீரவுட்டிங்கில் போட்டுப் பார்க்கலாமா?” என்று எங்கள் தம்பி கேட்டான். டிராக்குகளைத் தானே இழுத்துத் தரும் தனி மென்பொருள் அது. பார்த்தோம். நெருக்கடியில்லாத பக்கத்தை அழகாக முடித்தது. நடுவரிசைப் பின்களுக்கு வழியே வைக்கவில்லை. வெளி இரண்டு வரிசையை மேல் லேயரிலேயே வெளியே எடுத்து, மற்றவற்றை வயா வழியாக உள் லேயருக்கு அனுப்ப வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நடுவில் பெரும்பாலும் பவரும் கிரவுண்டும்தான் இருக்கும். அவை பிளேனுக்கு (முழுக்கச் செம்பு பரப்பிய லேயருக்கு) இறங்கிவிடும், கெப்பாசிட்டர்கள் போர்டின் மறுபக்கம்.

குறை என்றால் பின் மாற்றுவது. எஃப்பிஜிஏவில் (உள் சர்க்யூட்டை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) ஒரே பேங்குக்குள், அதாவது ஒரே பின் குழுவுக்குள், சாதாரண ஐஓ (சிக்னல் உள்ளே, வெளியே போகும்) பின்களை இடம் மாற்றிக்கொள்ளலாம். கிளாக், டிஃபரன்ஷியல் ஜோடிகளை அப்படி இஷ்டத்துக்குத் தொட முடியாது. நான் பயன்படுத்தும் கிகேட் 9 வரை லேஅவுட்டிலேயே இரண்டு பின்னைச் சொடுக்கி மாற்ற வழியில்லை. ஸ்கிமேட்டிக்கில் (சர்க்யூட் வரைபடத்தில்) லேபிளை மாற்றி, F8 அழுத்தி, போர்டுக்குக் கொண்டுவர வேண்டும். அதனால் இப்போதெல்லாம் சிப்பை வைத்ததும் ஒரு டிராக்கும் இழுப்பதில்லை. எந்தப் பின் எதனுடன் சேர வேண்டும் என்று காட்டும் ராட்ஸ்நெஸ்ட் கோடுகள் எங்கே குறுக்கே போகின்றன என்று பார்த்து, மாற்ற வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் மாற்றி, ஃபர்ம்வேர் (சிப்புக்கான நிரல்) எழுதுபவரிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்து ‘சரி’ வாங்கிய பிறகுதான் முதல் வயா.