கண் வறட்சிக்குச் சொட்டு மருந்தா, வெந்நீர் ஒத்தடமா?

கணினித் திரையின் முன் நாள் முழுவதும் அமர்ந்து வேலை செய்பவர்களின் கண் எரிச்சலுக்கும் உறுத்தலுக்கும் பெரும்பாலும் மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. பாட்டிலில் வரும் சொட்டு மருந்து ஒன்று. முனையைத் திருகி உடைத்துப் போட்டுக்கொள்ளும் சிறு பிளாஸ்டிக் குப்பிகள் மற்றொன்று. மூடிய இமைகளின் மேல் வைக்கும் வெந்நீர் ஒத்தடம் மூன்றாவது. கடலூரில் குடியிருந்துகொண்டு புதுச்சேரியில் கணக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் எனக்கு இம்மூன்றையும் அடுத்தடுத்துப் பயன்படுத்திப் பார்க்க நேர்ந்தது. இன்று நான் விடாமல் செய்து வருவது ஒத்தடத்தைத்தான். சொட்டு மருந்தைத் துணைக்கு மட்டும் வைத்திருக்கிறேன். இப்படி முடிவு செய்ததற்கான காரணங்களையும், அந்த முடிவு யாருக்கெல்லாம் பொருந்தாது என்பதையும் எழுதுகிறேன்.

கண்ணின் மேல் படிந்திருக்கும் கண்ணீர்ப் படலம் வெறும் நீரால் ஆனதன்று. கண்ணின் பரப்பை ஒட்டிச் சளிப்பொருளும், அதன் மேல் நீரும், எல்லாவற்றுக்கும் மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் படலமும் இருக்கின்றன. அந்த எண்ணெயைத் தருபவை இமைகளின் விளிம்பில், இமைமயிர்களுக்குச் சற்று உள்ளே வரிசையாக வாய் திறக்கும் மைபோமியன் சுரப்பிகள். ஒவ்வொரு முறை இமைகள் முழுமையாகச் சேரும்போதும் அச்சுரப்பிகளிலிருந்து சிறிது எண்ணெய் வெளிப்பட்டுக் கண் முழுதும் பரவுகிறது. நீர் விரைவில் ஆவியாகாமல் தடுப்பது இதுதான். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறைக்குக் குறையாமல் இமைக்கும் நாம், திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. இமைப்பதிலும் பல, மேல் இமை பாதி வழியில் திரும்பிவிடும் அரைகுறை இமைப்புகள். எண்ணெய் வெளிவராமல் சுரப்பியிலேயே தங்கிக் கெட்டியாகிறது. புதுச்சேரியும் கடலூரும் கடலோர ஊர்கள், வெளியே காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை என்பது உண்மைதான், ஆனால் ஏ.சி. அந்த ஈரத்தை உறிஞ்சி வெளியேற்றிவிடுவதால், அலுவலகத்துக்குள் நம் கண்கள் படும் காற்று வேறு.

எளிய சில செய்திகளை இங்கேயே சொல்லி முடித்துவிடலாம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குக் கீழே இருந்தால் இமை சற்றுத் தாழ்ந்து, காற்றுப் படும் பரப்பு குறையும். ஏ.சி. காற்று நேராக முகத்தில் படும் இருக்கையை மாற்றிக்கொள்ள வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தொலைவில் பார்ப்பதும் நல்லதே. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பணம் செலவிடத் தேவையில்லை என்பது என் கருத்து. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளை வைத்து 2023-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, கண் சோர்வைக் குறைப்பதில் அவ்வகைக் கண்ணாடிகளுக்கும் சாதாரணக் கண்ணாடிகளுக்கும் குறுகிய காலத்தில் வேறுபாடு இல்லாமல் இருக்கலாம் என்றே சொன்னது. பன்னீர், நந்தியாவட்டைச் சாறு முதலியவற்றைக் கண்ணுக்குள் விடவே கூடாது. அவை கிருமி நீக்கப்பட்டவை அல்ல.

பாட்டில் மருந்தின் பெரிய நற்குணம் உடனடி நிவாரணம். கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் கலந்த செயற்கைக் கண்ணீர் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. விட்ட சில நொடிகளில் உறுத்தல் அடங்குகிறது. ஆனால் அது நீருக்குப் பதில் நீரைத்தான் தருகிறது. மேலே எண்ணெய் இல்லாவிட்டால் அதுவும் ஆவியாகிவிடும். ஆகவே சிறிது நேரத்துக்கெல்லாம் மறுபடி விட வேண்டியிருக்கிறது. இங்கேதான் பாட்டிலின் பராமரிப்புக் கணக்கு குறுக்கே வருகிறது. கிருமி வளராதிருக்கப் பல பாட்டில்களில் பென்சால்கோனியம் குளோரைடு போன்ற பாதுகாப்புப் பொருளைச் சேர்க்கிறார்கள். அடிக்கடி விட்டால் அப்பொருளே கண்ணின் மேற்பரப்புச் செல்களைப் புண்படுத்தும் என்பதால், நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்படுபவர்களுக்கு அது ஏற்றதன்று. திறந்த பாட்டிலைப் பொதுவாக ஒரு மாதத்தில், மீதி இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். திறந்த தேதியைப் பாட்டிலின் மேல் எழுதி வைப்பது நல்ல பழக்கம். சிவப்பைப் போக்கும் மருந்து என்று விற்கப்படும் நாபசோலின் வகைச் சொட்டுகளை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். அவை இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றனவே தவிர வறட்சியைத் தீர்ப்பதில்லை, நிறுத்தியதும் சிவப்பு முன்னிலும் மிகுந்து திரும்பும்.

சிறு குப்பிகளில் பாதுகாப்புப் பொருள் இல்லை. ஆகவே அடிக்கடி விட்டுக்கொள்ள அவையே சிறந்தவை. காசு மட்டும் கூடுதலாகும். உடைத்த குப்பியை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்னும் விதியைச் சிக்கனத்துக்காக மீறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மிகவும் தவறு. பாதுகாப்புப் பொருள் இல்லாத ஒரு செயற்கைக் கண்ணீர் மருந்து, பல முறை திறந்து பயன்படுத்தும் பாட்டிலில் அமெரிக்காவில் விற்கப்பட்டு, மருந்துகளுக்கு எளிதில் அடங்காத சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவின் தொற்றுடன் தொடர்புபடுத்தப்பட்டு, 2023 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. 18 மாநிலங்களில் 81 பேர் அந்தத் தொற்றுக்கு ஆளானார்கள், சிலர் பார்வையையே இழந்தார்கள். இதைச் சொல்வது குப்பிகளின் மேல் அச்சம் உண்டாக்குவதற்கன்று, கண்ணுக்குள் போகும் எதுவும் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை என்பதற்காக.

இனி ஒத்தடம். கெட்டியான எண்ணெயை மறுபடி இளக வைப்பதே இதன் நோக்கம். ஆகவே இமையின் உட்புறம் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். அந்தச் சூடு ஐந்து முதல் பத்து நிமிடம் நிலைத்திருக்கவும் வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் ஒத்தடம் பலிப்பதும் பலிக்காததும் இருக்கிறது. ‘வெந்நீரில் நனைத்த துணியை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கைக்குட்டையை ஒரு முறை நனைத்துப் பிழிந்து, அது ஆறிக் குளிர்ந்த பிறகும் கண்ணில் வைத்துக்கொண்டு படுத்திருப்பவர்கள். மின்விசிறி ஓடும் அறையில் ஈரத்துணி இரண்டு நிமிடத்துக்குள் ஆறிவிடும். அதன் பிறகு ஆவியாகும் ஈரம் இமையைக் குளிரவைக்கிறதே தவிரச் சூடாக்குவதில்லை.

சூட்டைத் தக்கவைக்க நான் கைக்கொண்ட வழி இது. அகலமான வாயுள்ள பிளாஸ்க் ஒன்றில் கை பொறுக்கும் அளவுக்குச் சூடான வெந்நீரை நிரப்பி வைத்துக்கொள்கிறேன். தடித்த பருத்தித் துணிகள் இரண்டை எடுத்துக்கொண்டு, ஒன்று இமையின் மேல் இருக்கும்போது மற்றொன்றை நனைத்துப் பிழிந்து, முன்னது ஆறத் தொடங்கும்போதே மாற்றிவிடுகிறேன். துணியை முதலில் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்ப்பது கட்டாயம். இமைத் தோல் உடலிலேயே மிக மெல்லியது, எளிதில் வெந்துவிடும். உப்பையோ அரிசியையோ தோசைக்கல்லில் வறுத்து மூட்டையாகக் கட்டி ஒத்தடம் கொடுப்பது முட்டி வலிக்குச் சரி, கண்ணுக்குச் சரியன்று; அதன் சூடு இடத்துக்கு இடம் வேறுபடும், சில இடங்களில் எல்லை மீறும். மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துச் சூடாக்கும் ஜெல் முகமூடி சூட்டை நெடுநேரம் சீராக வைத்திருப்பதால் துணியைவிட மேலானது என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் என் வீட்டில் அவ்வடுப்பு இல்லை. அலுவலகத்து அடுப்பில் ஓரிரு முறை முயன்றதை வைத்து உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஒத்தடம் முடிந்ததும், சூடு ஆறுவதற்குள், சுத்தமான விரல் நுனியால் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் இமை விளிம்பு வரை மெல்ல வருட வேண்டும். விழியை அழுத்தக் கூடாது. இளகிய எண்ணெய் வெளியே வருவதற்கு இந்த வருடல் தேவை. பின்பு ஈரப் பஞ்சால் விளிம்பைத் துடைத்துவிட்டுச் சில முறை முழுமையாக இமைத்தால் போதும்.

எங்கள் பக்கத்தில் இம்முறைக்கு எழும் முதல் மறுப்பு வேறொன்று. கண் எரிந்தால் ‘உடம்புச் சூடு’ என்று சொல்லித் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கச் சொல்வதும், வெள்ளரித் துண்டை வைப்பதுமே வழக்கம். ‘ஏற்கெனவே சூடு பிடிச்ச கண்ணு மேல இன்னும் சூட்டை வைக்கிறியேப்பா’ என்று என் அம்மா பல நாள் வருந்தினார். குளிர்ச்சிக்கும் இடமுண்டு, ஒவ்வாமையால் வரும் அரிப்புக்குக் குளிர்ந்த ஒத்தடம் நல்ல இதம் தரும். ஆனால் உறைந்த எண்ணெயைக் குளிர்ச்சி இளக்காது. அரிப்பு முதன்மையாக இருந்தால் குளிர்ச்சி, மணல் விழுந்தது போன்ற உறுத்தலும் மாலையில் பார்வை மங்கி, இமைத்ததும் தெளிவதும் இருந்தால் சூடு என்று பிரித்துப் பார்க்கலாம்.

ஒத்தடத்தின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு நாளில் பலன் தெரியாது. எனக்குச் சில வாரங்கள் நாள்தோறும் செய்த பிறகே மாலை எரிச்சல் தணிந்தது, இடையில் விட்டால் மெல்லத் திரும்புகிறது. காலையில் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் பத்து நிமிடம் ஒதுக்குவது எளிதன்று. ஆகவே இரவு படுக்கும் முன் செய்கிறேன். கடலூர்–புதுச்சேரிப் பேருந்தில் சன்னலோரக் காற்று முகத்தில் அறையும்போதும், மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நாள்களிலும் குப்பி மருந்துதான் கைகொடுக்கிறது. ஆயினும் சட்டைப் பையில் மருந்தில்லாமல் அலுவலகம் செல்லக்கூடிய நாள்களை எனக்குத் தந்தது ஒத்தடமே என்பதால், நேரம் பிடித்தாலும் அதையே முதலில் வைக்கிறேன்.

கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்களைப் பற்றி என் அனுபவத்திலிருந்து பேச முடியாது. லென்ஸைக் கழற்றிய பிறகே ஒத்தடம் கொடுக்க வேண்டும், பென்சால்கோனியம் குளோரைடு உள்ள மருந்தை மென்மையான லென்ஸின் மேல் விடக் கூடாது என்பவை மட்டும் உறுதி. கண்ணில் அண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள் வருடுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டாக வேண்டும். வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், சீழ், பார்வைக் குறைவு ஆகியவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்த வேண்டாம். கடலூர்–புதுச்சேரிச் சாலையிலேயே தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. வாயும் சேர்ந்து உலர்ந்து மூட்டுகளும் வலித்தால் அது திரையால் மட்டும் வந்த வறட்சியாக இல்லாமல் போகலாம் என்பதால், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அங்கே இமை விளிம்பை அழுத்தி எண்ணெய் வரும் விதத்தைப் பார்ப்பார்கள். கீழ் இமையில் சிறு காகிதப் பட்டை ஒன்றை ஐந்து நிமிடம் வைத்துக் கண்ணீர் எவ்வளவு தூரம் நனைக்கிறது என்றும் அளப்பார்கள். அந்தப் பட்டை ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நனையாதவர்களுக்குச் சுரக்கும் நீரே குறைவு என்று பொருளாகலாம். அப்படிப்பட்டவர்கள் நான் மேலே வைத்த வரிசையை மாற்றி, குப்பி மருந்தை முதலிலும் ஒத்தடத்தை அதற்குப் பின்னும் வைத்துக்கொள்ள வேண்டும்.