கீழ்க் கடைவாயில் ஒரு டைட்டானியம் வேர்: ஏழாம் ஆண்டில் எழுதும் அனுபவம்

கீழ்த்தாடையின் வலப்பக்கத்து முதல் கடைவாய்ப் பல், ரூட் கெனால் செய்து கேப் போட்ட பிறகும் வேரோடு நெட்டுவாக்கில் பிளந்துவிட்டதால், அதை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் வைத்துக்கொண்ட இம்பிளான்டுக்கு, அதாவது தாடை எலும்பில் பொருத்திய செயற்கைப் பல்லுக்கு, இப்போது ஏழாம் ஆண்டு நடக்கிறது. பல் வைத்த புதிதில் எழுதப்படும் பாராட்டுகளால் அடுத்தவருக்குப் பெரிய பயன் இல்லை என்பது என் எண்ணம். ஒழுங்காகப் பொருத்தப்பட்ட இம்பிளான்ட் முதல் ஆண்டில் ஏறக்குறைய எல்லாருக்கும் நன்றாகவே இருக்கும். அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் எப்படி நிற்கின்றன என்பது பிறகுதான் தெரியவரும்.

எனக்கு வேறு வழிகளும் சொல்லப்பட்டன. கழற்றி மாட்டும் பல் செட் செலவு குறைந்தது. ஆனால் ஒரே ஒரு கடைவாய்ப் பல்லுக்காக அதைத் தினமும் கழற்றிக் கழுவுவது எனக்குச் சரிப்படவில்லை. பக்கத்துப் பற்களைப் பிடிப்பாகக் கொண்டு பொருத்தும் பிரிட்ஜ் சில வாரங்களில் முடிந்துவிடும். அதற்கு இருபுறமும் உள்ள பற்களை இழைத்துச் சிறிதாக்க வேண்டும். என் அண்டைப் பற்கள் இரண்டும் சொத்தையின்றி முழுமையாக இருந்ததால், அவற்றைத் தொட எனக்கு மனம் வரவில்லை. அவை ஏற்கெனவே கேப் போட்ட பற்களாக இருந்திருந்தால் பிரிட்ஜையே தேர்ந்தெடுத்திருப்பேன். அப்படிப்பட்டவர்களுக்கு இன்றும் அதையே சொல்வேன்.

இம்பிளான்ட் என்று பொதுவாகச் சொல்வது மூன்று பாகங்களைச் சேர்த்துத்தான்: எலும்புக்குள் இறங்கும் டைட்டானியம் திருகு, அதன்மேல் பொருத்தப்படும் இணைப்புத் துண்டு, வெளியே தெரியும் கேப். டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாக ஒட்டி வளரும் என்பதை, சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க் 1950களில் முயல்களின் எலும்பில் இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தபோது கவனித்தார். உள்ளே வைத்த டைட்டானியக் கருவியைப் பிரித்தெடுக்க முடியாமல் போனதே அந்த ஆராய்ச்சியின் திருப்பம். 1965இல் யோஸ்டா லார்சன் என்ற மனிதருக்கு முதன்முதலாக அவர் பொருத்திய இம்பிளான்டுகள், லார்சன் 2006இல் இறக்கும்வரை பயன்பாட்டில் இருந்தன. இந்தச் செய்தியே எனக்கு மற்ற விளம்பரங்களைவிட அதிக நம்பிக்கை தந்தது.

அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மரத்துப்போகும் ஊசி போட்டபின் வலி தெரியவில்லை. தாடை அதிர்வது மட்டும் தெரிந்தது. பல்லைப் பிடுங்கிய நாளின் வலியைவிட இது குறைவு. அதற்கு முன், தாடையை முப்பரிமாணத்தில் காட்ட எடுக்கும் சி.பி.சி.டி. ஸ்கேன்தான் முக்கியம். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக்கும் திருகின் நுனிக்கும் இடையே குறைந்தது 2 மி.மீ. இடைவெளி விடுவது வழக்கம். அந்த நரம்பு பாதிக்கப்பட்டால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகக்கூடும். பல்லை எடுத்தபின் எலும்பு சுருங்கத் தொடங்குகிறது; முதல் ஆண்டில்தான் அது வேகமாக நடக்கிறது. நீண்ட காலம் தள்ளிப்போட்டவர்களுக்கு எலும்புத்தூள் வைத்து நிரப்ப நேர்வதும், மேல் கடைவாய்ப் பற்களுக்கு மேலே உள்ள காற்றறையான சைனஸின் அடித்தளத்தை உயர்த்த நேர்வதும் பெரும்பாலும் இதனால்தான். எனக்கு எலும்பு போதுமான அளவு இருந்ததால், திருகு வைத்து ஏறத்தாழ மூன்று மாதத்தில் கேப் வந்துவிட்டது.

மெல்லும் வலிமையில் குறையே இல்லை. முறுக்கு, சீடை, கறி எதுவும் தடையில்லை. ஆனால் இயற்கைப் பல்லையும் எலும்பையும் இணைக்கும் மெல்லிய நார்ப்படலம் இம்பிளான்டுக்குக் கிடையாது. அந்தப் படலம் இருப்பதால்தான் சோற்றில் ஒரு சிறு கல் அகப்பட்டாலும் இயற்கைப் பல் உடனே உணர்ந்து வாயைத் திறக்கச் செய்கிறது; இம்பிளான்டில் அந்த உணர்வு மங்கலாகவே இருக்கிறது. படலம் இல்லாததால் அது அழுத்தத்துக்குத் துளியும் அமுங்கிக் கொடுப்பதில்லை. கடி சற்று உயரமாக இருந்தால்கூட முழுச் சுமையும் திருகின்மீதே விழும். மூன்றாம் ஆண்டில் எனக்குக் கேப் இலேசாக ஆடியது. இம்பிளான்டே போய்விட்டதென்று அஞ்சினேன். தளர்ந்திருந்தது எலும்பில் உள்ள திருகு அல்ல, கேப்பை உள்ளே பூட்டும் சிறு திருகாணி மட்டுமே. என் கேப் சிமென்ட் போட்டு ஒட்டாமல் திருகாணியால் பூட்டும் வகை என்பதால், மேலே அடைத்திருந்ததை நீக்கி, முறுக்கி, கடியைச் சற்றுக் குறைத்து அனுப்பிவிட்டார்கள். புதிதாக வைப்பவர்கள் இந்த வகை தமக்கு இயலுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஈறுக்கடியில் எஞ்சிநிற்கும் சிமென்ட் துணுக்கினால் புண்ணாகும் தொல்லையும் இதில் இல்லை.

அன்றாடத் தொல்லை ஒன்றுண்டு. கேப் அகலம், திருகு ஒடுக்கம். ஆகவே ஈறோரத்தில் கீரையும் கறி நாரும் நுழைந்து தங்குகின்றன. பல்லிடுக்குப் பிரஷ் இல்லாமல் என் இரவுகள் முடிவதில்லை. டைட்டானியம் சொத்தையாவதில்லை என்று நிம்மதியடைவோர், அதைச் சுற்றியுள்ள ஈறு அழற்சி வலியே இல்லாமல் எலும்பைத் தின்றுவிடக்கூடும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பழையதோடு ஒப்பிடுவதை நான் விடுவதில்லை. முதல் ஆண்டுக்குப் பின் ஆண்டுக்கு 0.2 மி.மீ.க்கும் குறைவான எலும்பிழப்பே நல்ல இம்பிளான்டுக்கு அளவுகோலாக 1986 முதல் சொல்லப்பட்டு வருகிறது. புகைப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், ஏற்கெனவே ஈறு நோயால் பல் இழந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம். எலும்புத் தேய்மானத்துக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள், அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

செலவைக் கேட்கும்போது திருகு, இணைப்புத் துண்டு, கேப், ஸ்கேன் ஆகிய அனைத்தும் சேர்ந்த தொகையா என்று கேளுங்கள். திருகுக்கு மட்டும் விலை சொல்லி அழைப்பதும் நடக்கிறது. பொருத்திய நாளில் திருகின் பெட்டியிலிருந்து கிழித்துத் தரும் ஸ்டிக்கரை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அதில் நிறுவனத்தின் பெயரும், திருகின் விட்டமும் நீளமும், தயாரிப்புத் தொகுதி எண்ணும் இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் இணைப்பும் முறுக்கும் கருவியும் மாறுவதால், வேறு ஊருக்குக் குடிபோன பிறகு திருகாணி தளர்ந்தால், அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.