மாரி காலத்து ஓவிய வகுப்பு: மூன்று பருவங்களின் அனுபவம்

இலங்கையின் கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்து நீர் பாயும் ஊர்களில் ஒன்றில் தையல் வேலை செய்து வாழும் நான், எங்கள் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் நடக்கும் ஓவிய வகுப்பில் 2022ஆம் ஆண்டு ஐப்பசியில் சேர்ந்தேன். தீபாவளித் தையல் முடிந்தால் பொங்கல் நெருங்கும் வரை எனக்கு வேலை குறைவு. காலபோக (மாரிகால) நெல் விதைப்பு முடிந்து, கிரவல் வீதியெல்லாம் சேறாகி, ஊரே வீட்டுக்குள் அடைபடும் அந்த மாதங்களில் சட்டைக் கழுத்துக்குப் புதிதாக ஒரு பூவேலை யோசிக்கவும் எனக்கு மனம் எழுவதில்லை. அந்தச் சோர்வைப் போக்கத்தான் போனேன். மூன்று மாரிகள் கழிந்தபின், இதேபோன்ற வகுப்பில் சேர எண்ணுபவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

முதல் மாரியில் நான் நீர்வர்ணத்தைத் தொடவேயில்லை. அந்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் தாள் கிடைப்பதே அரிதாக இருந்ததால், ஆசிரியை எங்களைச் சிரட்டைக் கரியாலும் பென்சிலாலும் பழைய கணக்குக் கொப்பிகளின் வெற்றுப் பக்கங்களில் வரையவிட்டார். அப்போது அது எனக்கு ஏமாற்றமாக இருந்தாலும், வெளிச்சமும் நிழலும் எங்கே பிரிகின்றன என்று பார்க்கக் கண்ணைப் பழக்கியது அந்தக் கரிதான். நாற்பது வயதுக்கு மேல் பென்சிலோடு உட்கார வெட்கப்பட்டவர்களிடம், யாழ்ப்பாணத்தில் எஸ்.ஆர். கனகசபை 1938இல் தொடங்கிய வின்சர் ஓவியக் கழகத்தில் பெரியவர்களே கூடி வரைந்தார்கள் என்று ஆசிரியை சொன்னது எங்கள் கூச்சத்தைப் பெருமளவு போக்கியது.

இரண்டாம் மாரியில் வர்ணம் வந்தது. சிக்கலும் கூடவே வந்தது. சித்திரை வெயிலில் சில நிமிடங்களில் காயும் ஒரு பூச்சு, கார்த்திகை மழைக்காற்றில் அரை மணி நேரமானாலும் காய்வதில்லை. பொறுமையிழந்து அரை ஈரத்தின்மேல் தூரிகையை வைத்தால், புதிய நீர் பழைய வர்ணத்தைத் தள்ளிக்கொண்டுபோய், ரேந்தை பிடித்த துணிபோல நெளிந்த ஓரத்தை விட்டுவிடும். மருத மரம் நிற்கும் குளக்கட்டை நான் நான்கு தடவை அப்படித்தான் கெடுத்தேன். ஐந்தாம் தடவை ஆசிரியை என் கையைப் பிடித்து நிறுத்தி, "ஒண்டில் முழு ஈரத்திலை வையுங்கோ, இல்லாட்டி முழுக்கக் காயவிடுங்கோ. அரை ஈரத்திலை கை வைக்காதேங்கோ அக்கா" என்றார். புறங்கையைத் தாளில் மெல்ல ஒற்றிப் பார்த்து, குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அறியவும் அன்றுதான் கற்றேன். இப்போது எப்போதும் இரண்டு தாள்களைப் பலகையில் ஒட்டி வைத்திருக்கிறேன்; ஒன்று காயும்வரை மற்றதில் வேலை நடக்கிறது. மழை வானத்தை மட்டும் தாளை முழுதாக நனைத்து ஒரே மூச்சில் போடுகிறேன், அதற்கு மாரிக் காற்றின் ஈரம் உதவியாகவே இருக்கிறது. கடும் நீலத்தோடு செங்கபிலத்தைக் கலந்தால் வரும் சாம்பல் நிறம், கறுப்பைக் கரைத்துப் பூசுவதைவிட எங்கள் வானத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது.

தாளில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பிறிஸ்டல் போட் என்ற வழுவழுப்பான அட்டையில் வர்ணம் மேலேயே தேங்கி நிற்கும். சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த நீர்வர்ணத் தாளை முழுதாக வாங்கி நான்காக வெட்டினால் செலவு தாங்கும். அதையும் மாரியில் அலுமாரிக்குள் வெறுமனே வைக்கக்கூடாது: பூஞ்சணம் பிடித்தால் தாளின் பசைப்பூச்சு கெட்டு, வர்ணத்தை ஒற்றுத்தாள்போல உறிஞ்சத் தொடங்கிவிடும். பொலித்தீன் உறையில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கட்டி வைத்த பிறகு என் தாள்களில் புள்ளி விழவில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். தாளும் தூரிகையும் தருவதாக எழுத்தில் உறுதியளித்த ஓர் அமைப்பு, மாரி முடிந்து மாசியில்தான் அவற்றைக் கொண்டுவந்து, கையளிப்பதைப் படமும் எடுத்துக்கொண்டு போனது. வேறு கூட்டங்களுக்காக மண்டபத்தை முன்னறிவித்தலின்றி எடுத்துவிடுவதால், மழையில் நனைந்து போய் வாசலோடு திரும்பிய நாட்களும் உண்டு. சிறுவர்களையும் பெரியவர்களையும் ஒன்றாக இருத்துவது இரு தரப்புக்கும் நட்டம். ஒரு மாரியோடு விட்டுவிடுபவர்கள் மிகவும் கூடுதலாக இருப்பது எனக்கு வருத்தம். எனக்கு வகுப்பின் பயன் தெரிந்தது இரண்டாம் மாரியின் நடுவில், வயல் வரம்பில் நின்ற நாரையின் கழுத்து வளைவு ஒரு சட்டைக் கைக்கு நூல்வேலையாக மாறியபோதுதான். அந்த வருடம் தை மாதத்தில் அதே வேலையைக் கேட்டு ஆறு பேர் வந்தார்கள்.

2024 நவம்பர் இறுதியில், பின்னர் ஃபெங்கல் புயலான தாழமுக்கம் வடக்கு கிழக்கை வெள்ளத்தில் ஆழ்த்தி, உயர்தரப் பரீட்சையும் ஒத்திவைக்கப்பட்ட நாட்களில், எங்கள் மண்டபம் இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கும் இடமாயிற்று. வகுப்பு நின்றது. ஆனாலும் சனிக்கிழமை நாங்கள் நான்கு பேர் மிஞ்சியிருந்த தாள்களோடு போய், அங்கிருந்த பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து வரைந்தோம். ஆறு வயதுப் பிள்ளை ஒருத்தி, தண்ணீர் நிறைந்த அறையில் தங்கள் ஆடு கட்டிலின்மேல் ஏறி நிற்பதை வரைந்து, அதன் காலடியில் தலையணையையும் மறக்காமல் போட்டிருந்தாள். பத்திரிகை மேசைக்கு மேலேயுள்ள சுவரில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது.