கிட்னி டிரான்ஸ்பிளான்ட்டுக்கு டாப் பிளாக்கா க்யூஎல் பிளாக்கா: நான் ஏன் இன்னும் டாப் பக்கம் நிக்கிறேன்

"ஏன் மேடம் இன்னும் டாப்பே போட்டுட்டிருக்கீங்க, எல்லாரும் க்யூஎல்லுக்குப் போயாச்சே"ன்னு ஜூனியர் பசங்க அடிக்கடி கேக்குறாங்க. டிரான்ஸ்பிளான்ட் தியேட்டர்ல மயக்க மருந்து குடுக்குறவ நான். டாப் (TAP), க்யூஎல் (QL) ரெண்டுமே ஆபரேஷன் வலிக்குப் போடுற பிளாக், அதாவது நரம்பு ஓடுற இடத்துல மரத்துப்போற மருந்தை ஊசியால விடுறது; டாப் வயித்துச் சுவர்ல, க்யூஎல் முதுகுப் பக்கம். ரெண்டையும் போட்டுப் பார்த்துட்டுதான் டாப்புக்குத் திரும்பி வந்தேன், அதனால இது நடுநிலையான கட்டுரைன்னு நினைச்சு படிக்காதீங்க.

பிளாக் எதுக்குன்னு சுருக்கமா சொல்லிடுறேன். வேற ஆபரேஷன்னா டைக்ளோஃபெனாக்னு வலி ஊசி ஒண்ணு போட்டுட்டு நகர்ந்துடலாம். இங்க அதைத் தொடவே கூடாது, புது கிட்னிக்குப் போற ரத்தத்தைக் குறைச்சிடும், உடம்பு புது கிட்னியை எதிர்க்காம இருக்கக் குடுக்குற டாக்ரோலிமஸ் வேற ஏற்கனவே அதே வேலையைத்தான் பண்ணிட்டிருக்கும். மார்ஃபின் உடைஞ்சு வர்ற சரக்கு கிட்னி வழியாதான் வெளிய போகணும், புது கிட்னி இன்னும் முழிச்சுக்கலைன்னா அது தேங்கி மூச்சை அமுக்கிடும். பெத்திடின்னு இன்னொரு வலி மருந்து, அது உடைஞ்சு வர்றது தேங்கினா ஃபிட்ஸ். ஆக கையில மிஞ்சுறது பாராசிட்டமால், மார்ஃபின் வகையிலயே கிட்னியை அவ்வளவா நம்பாத ஃபென்டனில், அப்புறம் பிளாக்.

முதுகுத் தண்டு உறைக்கு வெளிய மருந்து விடுற எபிடூரல் வலிக்கு அருமை, ஆனா பிரஷரை இறக்கும். புது கிட்னிக்கு நல்ல பிரஷர் வேணும், ஏத்துறதுக்கு மருந்து ஓட்டினா அது அதே கிட்னியோட ரத்தக்குழாயைச் சுருக்கும். நான் போடுறதில்ல, அவ்வளவுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். டாப்ல வயித்துச் சுவரோட மூணு தசையில உள்பக்க ரெண்டுக்கும் நடுவுல மருந்து விடுறோம். 2001ல இடுப்பு எலும்புக்கு மேல விரலால தடவிப் பார்த்துப் போட ஆரம்பிச்சது, இப்ப அல்ட்ராசவுண்ட்ல மூணு தசையும் கோடு கோடா தெரியும். டயாலிசிஸ்ல வருஷக்கணக்கா இருந்து வயிறு ஒட்டிப்போன ஆளுங்களுக்கு இன்னும் தெளிவாத் தெரியும். மல்லாக்கப் படுத்திருக்கிறவரை அசைக்க வேண்டாம், கிட்னி வைக்கப்போற பக்கம் மட்டும் 20 மில்லி, பத்து நிமிஷம்கூட ஆகாது. க்யூஎல்ல முதுகுப் பக்கம் இருக்கிற குவாட்ரேட்டஸ் லம்போரம் தசையை ஒட்டி, அதோட முன்பக்க வகைன்னா அதைத் தாண்டியே ஊசி போகணும், மருந்து முதுகெலும்பு ஓரம் வரைக்கும் பரவினா உள்ளுறுப்பு வலியும் குறையும்ங்கிறதுதான் அதோட கவர்ச்சி. அது உண்மைதான், நல்லா விழுந்த க்யூஎல் நல்லா விழுந்த டாப்பை விட அதிக நேரம் நிக்குது, என் பேஷன்ட்ஸ்லயே பார்த்திருக்கேன். டாப் உள்வலிக்கு ஒண்ணும் பண்ணாது. யூரின் டியூப் உள்ள இருக்கும்போதே "பாத்ரூம் வருது, பாத்ரூம் வருது"ன்னு அடிவயித்தைப் பிடிச்சுப்பாங்க பாருங்க, அது மூத்திரப்பை இறுக்கிப் பிடிக்கிற வலி, அங்க டாப் தோத்துடும். டிரையல்லயும் சிலதுல டாப் போட்டவங்களுக்கு முதல் 24 மணி நேரத்துல மார்ஃபின் தேவை குறைஞ்சிருக்கு, சிலதுல வித்தியாசமே இல்ல. இதையெல்லாம் ஒத்துக்கிட்டுதான் பேசுறேன்.

அப்புறம் ஏன் டாப்? ரத்தம். கிட்னி வாங்கிக்கப்போறவங்க லேப் ரிப்போர்ட்ல பிளேட்லெட் எண்ணிக்கை நார்மல், ரத்தம் உறையுற வேகத்தைச் சொல்ற ஐஎன்ஆர் நார்மல், பார்த்தா ஒரு குறையும் இருக்காது. ஆனா யூரியா ஏறின உடம்புல பிளேட்லெட் ஒட்ட வேண்டிய இடத்துல ஒழுங்கா ஒட்டாது, அது இந்த வழக்கமான ரிப்போர்ட்ல வராது. போதாக்குறைக்கு இறந்தவர் கிட்னின்னா ராத்திரி போன் வந்து, பொட்டாசியம் ஏறியிருக்குன்னு அவசரமா, ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் போட்டு டயாலிசிஸ் முடிச்சு நேரா டேபிளுக்கு வந்திருப்பாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் ரத்தக்குழாய் அடைச்சிடும்ங்கிற பயத்துல சர்ஜன் மறுபடி ஹெப்பாரின் ஆரம்பிச்சாலும் ஆரம்பிப்பார். டாப் போட்ட இடத்துல கசிஞ்சா வயித்துச் சுவர்ல வீங்கும், கண்ணுக்குத் தெரியும், கையால அமுக்கலாம். முன்பக்க க்யூஎல் போட்ட இடத்துல கசிஞ்சா கை எட்டாது. அதனாலதான் ஆழமான பிளாக்குன்னா எபிடூரலுக்குப் பார்க்கிற அதே ஜாக்கிரதையைப் பார்க்கச் சொல்றாங்க. ஆனா என்னை உறுத்துறது அதுக்கு அடுத்த கட்டம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஹீமோகுளோபின் இறங்குது, யூரின் குறையுது, இடுப்புப் பக்கம் வலிங்கிறார். இது சர்ஜன் தையல் போட்ட இடத்துல இருந்து வர்ற ரத்தமா, நான் குத்தின இடத்துல இருந்து வர்றதா? ரெண்டும் குடலை மூடியிருக்கிற வயித்து உறைக்குப் பின்னாடிதான் சேரும். ஸ்கேன் எடுத்து, பேசி, யோசிக்கிற நேரம்தான் கிட்னி போற நேரம். வலி நாலு மணி நேரம் கூடக் குறையுதுங்கிறதுக்காக அந்தக் குழப்பத்தை நான் விலைக்கு வாங்கத் தயாரா இல்ல. இன்னொண்ணு, க்யூஎல் மருந்து கீழ இறங்கி தொடை தசை வலுவிழந்து, அடுத்த நாள் எழுப்பி நடக்க வைக்கும்போது முட்டி மடங்கினவங்களும் உண்டு.

டாப்ல எரிச்சல் என்னன்னா நேரம். கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி போட்டா மூணு நாலு மணி நேரம் ஆபரேஷன்லயே கரைஞ்சிடும், முடிச்சிட்டுப் போடலாம்னா தசை வீங்கி, டிரெயின், டிரெஸ்ஸிங்னு அல்ட்ராசவுண்ட் ப்ரோப் வைக்கவே இடம் இருக்காது. நான் முன்னாடியே போட்டுடுவேன், எத்தனை மணிக்குப் போட்டேன், எப்ப அதோட வேலை விட்டுப்போகலாம்னு ஷீட்ல பெரிசா எழுதி, அதுக்கு முன்னாடியே பாராசிட்டமால் போயிடணும்னு வார்டு சிஸ்டர் கையில சொல்லிட்டுதான் கிளம்புவேன். வலிச்சா தானே அமுக்கி மருந்து ஏத்திக்கிற ஃபென்டனில் பட்டனை எப்படி அமுக்கணும்னு பேஷன்ட்டுக்கு மயக்கம் குடுக்குறதுக்கு முன்னாடியே காட்டிடுங்க, முழிச்சப்புறம் சொன்னா மண்டையில ஏறாது. பிளாக் டோஸை உலர் எடைக்குப் போடுங்க, தண்ணி ஏறின எடைக்கு இல்ல, மரத்துப்போற மருந்து ரோபிவகெய்ன்னா கிலோவுக்கு 3 மில்லிகிராம் தாண்டாதீங்க, அந்த மருந்து ரத்தத்துல ஏறி விஷமானா குடுக்குற கொழுப்பு எமல்ஷன் பாட்டில் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும்.

பிளாக் போட்ட இடத்துல கதீட்டர்ங்கிற மெல்லிய டியூப் விட்டு நாலு நாள் மருந்து ஓட்டுறதை நான் ரொம்பப் பண்ணினதில்ல, எதிர்ப்புச் சக்தியை மருந்தால அடக்கி வச்சிருக்கிற உடம்புல இன்னொரு டியூபான்னு தயக்கம். முதுகெலும்பு ஓரத் தசைக்கு அடியில போடுற, 2016ல வந்த எரெக்டர் ஸ்பைனே பிளாக்கும் என் கையில பத்துப் பதினைஞ்சு கேஸ்தான், எலும்பு மேல விழுறதால ரத்தக் கசிவு பயம் கம்மி, ஆனா சில பேருக்கு நல்லா வேலை செஞ்சுது, சில பேருக்கு போட்ட மாதிரியே இல்ல, அதை வச்சு தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

இவ்வளவு பேசிட்டு ஒண்ணைச் சொல்லணும். அதே நாள் பக்கத்து தியேட்டர்ல கிட்னி குடுக்குறவருக்கு நான் போடுறது க்யூஎல்தான். அவர் கிட்னி நல்லா இருக்கு, பிளேட்லெட் ஒழுங்கா ஒட்டும், லேப்ராஸ்கோப்பில எடுக்குறதால உள்வலிதான் ஜாஸ்தி, அதுக்கு மேல எடுக்கப்போற பக்கம் மேல பார்த்த மாதிரி சர்ஜனே அவரை ஒருக்களிச்சுப் படுக்க வச்சிருப்பார், ஊசி போட வேண்டிய முதுகு நேரா என் முன்னாடி.