ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பைக்: சேலத்துச் சீட் கடையில் உயரம் குறைத்த வேலை எப்படி?

ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. இடதுபக்க வளைவில் முன்னால் போகும் பஸ் நின்றுவிட்டால் இடது காலைத்தான் ஊன்றவேண்டும்; ரோடு சரிந்து இறங்குவதும் அந்தப் பக்கம்தான். வண்டி 196 கிலோ. நுனிக்கால் மட்டும் எட்டுகிறவர் பாடு திண்டாட்டம்.

ஃபோமில் கத்தி வைக்கும் முன் சீட்டைக் கழற்றிப் பாருங்கள். சீட் உயரத்துக்கு 845, 825 எம்எம் என்று இரண்டு நிலை உண்டு. மேல் நிலையில் மாட்டியிருந்தால் காசில்லாமலே 20 எம்எம் இறங்கும். அதுவும் பத்தாதென்றால்தான் கடை.

சேலத்தில் ஒரு கடையில் செய்த வேலையில் உருப்படியானது, டேங்கை ஒட்டிய ஓரங்களை இரண்டு பக்கமும் 15 எம்எம் சீவி உருட்டியது. உயரத்தில் குறைத்தது 20தான். ஆனால் தொடை விரியாமல் கால் நேராக இறங்குவதால் பாதம் நன்றாகவே பதிகிறது. உயரத்தை மட்டும் 40 எம்எம் வெட்டினால் ஃபோமுக்குக் கீழே இருக்கும் அடித்தட்டு இடித்து வால் எலும்பு வலிக்கும். கட்டைவிரலால் அழுத்தும்போது தட்டு தட்டுப்படக் கூடாது.

மேலே மெத்தென்ற ஃபோம் போடவா என்பார்கள். கடையில் சுகம், ஒரு மணி நேர ஓட்டத்தில் சப்பை. கீழே ரீபாண்ட் (துண்டு ஃபோமை அழுத்தி ஒட்டிய கெட்டி ஃபோம்), மேலே 10 எம்எம் மட்டும் மென்மையானது என்று கேளுங்கள். ஜெல் வைத்தாலும் அதன்மேல் ஃபோம் வேண்டும். சேலம் வெயிலில் நிறுத்திய வண்டியில் வெறும் ஜெல் சுட்டுவிடும்.

குறை இரண்டு. உட்காரும் இடத்தை முன்பக்கம் சரித்து வெட்டிவிட்டார்கள். மலையிறங்கும்போது பிரேக் பிடித்தால் உடம்பு டேங்கில் போய் முட்டியது. பின்பக்கம் இன்னும் 8 எம்எம் சீவியதும் சரியானது. ரெக்சின் தையல் நடுவில் வந்தது இன்னொன்று: ஊசித் துளையில் மழைத்தண்ணீர் இறங்கி ஃபோம் குடித்துவிடும். தையல் ஓரத்தில் வரட்டும், அடியில் பாலிதீன் ஷீட் இருக்கட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உயரம் குறைக்க பின் சஸ்பென்ஷன் லிங்க்கை மாற்றுகிற யோசனை வேண்டாம். பின்பக்கம் மட்டும் தாழும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கையும் அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் அதே அளவுக்கு ஏற்றாவிட்டால் வளைவில் ஹேண்டில் மந்தமாகும். சைடு ஸ்டாண்டை வெட்டிக் குறைக்காவிட்டால் வண்டி நெட்டுக்குத்தாக நின்று வலப்பக்கம் சாயும். 230 எம்எம் கிரவுண்ட் கிளியரன்ஸிலும் கை வைக்கும்.

வெட்டிய ஃபோம் துண்டுகளைக் கேட்டு வாங்கி வையுங்கள். கூடுதலாகச் சீவிவிட்டால் அதே துண்டை ஒட்டித் தேய்த்துவிடலாம்.