அந்தரங்கப் பருவுக்குக் களிம்பா, வெந்நீர் ஒத்தடமா?

சென்ற சித்திரையில் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் என் சித்தி மகள் உட்கார முடியாமல் தவித்தாள். பிறப்புறுப்பின் வெளி உதட்டில் பரு. மருந்துக்கடையில் “அரிப்புக்கு” என்று மட்டும் சொல்லி வாங்கிய களிம்பை மூன்று நாள் பூசியிருந்தாள். “அழுக்காக இருக்கிறேனா, அக்கா?” என்று அவள் கேட்டதுதான் என்னை அதிகம் வருத்தியது. அழுக்கு இல்லை. சவரம், வியர்வை, இறுக்கமான உள்ளாடை இவற்றால் முடியின் வேர் வீங்குவதே பெரும்பாலும் காரணம்.

கேட்டதும் கடையில் கிடைக்கும் களிம்புகள் பலவற்றில் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கிறது. சிவப்பும் எரிச்சலும் சட்டென அடங்குவதால் குணமாகிவிட்டதாக நம்பிவிடுகிறோம். ஆனால் அந்த இடத்துத் தோல் மருந்தை அதிகம் உறிஞ்சும். தொடர்ந்து பூசினால் மெலிந்துவிடும். படர்தாமரை இருந்தால் மறைந்தபடியே பரவும்.

ஒத்தடம் மெதுவாகத்தான் வேலை செய்யும். பொறுக்கும் சூட்டில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை வைக்க வேண்டும். சூட்டில் ரத்த ஓட்டம் கூடும், சீழ் தானாக வெளியேறும். பட்டறைக்குப் போகிறவளுக்கு நண்பகல் ஒத்தடம் சிரமம்தான்; காலையும் இரவும் விடாமல் செய்தாலும் பலன் உண்டு. நான் ஒத்தடத்தின் பக்கம்தான்.

பிதுக்கவே கூடாது, கிருமி ஆழத்துக்குப் போகும். மஞ்சள், வேப்பிலை விழுது அங்கே எரிச்சலைத்தான் கூட்டும். சோப்பும் உள்ளே வேண்டாம்.

முடியை எடுக்க பிளேடைவிடக் கத்தரிக்கோல் மேல். தோலை ஒட்ட வெட்டாததால் முடி உள்ளே திரும்பி வளராது. வாக்ஸ் வேரோடு பிடுங்குவதால் அதிலும் இந்தத் தொல்லை வரும்.

சிலவற்றுக்கு ஒத்தடம் போதாது. யோனி வாயின் ஓரத்தில் உருண்டையாக வீங்குவது, அங்கே ஈரப்பதம் தரும் பார்த்தோலின் சுரப்பியின் அடைப்பாக இருக்கலாம். எரிச்சலோடு கொத்தாக வரும் நீர்க்கொப்புளம் ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். தொடை இடுக்கிலும் அக்குளிலும் திரும்பத் திரும்பக் கட்டி வந்தாலும், காய்ச்சலோ சர்க்கரை நோயோ கர்ப்பமோ இருந்தாலும், ஒரு வாரத்தில் ஆறாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஏற்காட்டுத் தோட்டங்களில் இருப்பவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் பெண் மருத்துவரைக் கேட்கலாம்.

தங்கைக்கு ஐந்தாம் நாள் வலி போயிற்று. பிளேடுக்குப் பதில் சின்னக் கத்தரிக்கோல் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.